மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணத்தக்க காட்டுக் காளான்களை இனங்காணல்

காட்டுக் காளான்களை இனங்காணல் என்பது, காட்டில் தானாக முளைக்கும் காளான்களின் உறுப்பமைப்பு, வித்தி நிறம், வளரிடம், பருவம் ஆகியவற்றைக் கொண்டு அவற்றின் இனத்தை உறுதிசெய்து, அதன்வழி உண்ணத்தக்கவற்றை நச்சுத்தன்மை கொண்டவற்றிலிருந்து பிரித்தறிவது ஆகும். இக்கட்டுரை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், அதாவது நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, அகத்தியமலை ஆகிய மலைத்தொகுதிகளிலும் அவற்றின் அடிவாரங்களிலும் மக்கள் எடுத்து உண்ணும் காளான்களைப் பற்றியது.

எல்லா நச்சுக் காளான்களுக்கும் பொதுவான அடையாளம் எதுவும் இல்லை. நிறம், மணம், சுவை, வெள்ளிக்காசு, மஞ்சள், பூண்டு என எந்த ஒற்றைச் சோதனையாலும் நஞ்சைக் கண்டறிய முடியாது. ஆகவே, "இது நஞ்சா?" என்பதை விட "இது எந்த இனம்?" என்பதே முதலில் விடை காண வேண்டிய வினாவாகும். அதற்குரிய விடையின் பெரும்பகுதி காளானின் அடியில், மண்ணுக்குள் உள்ளது. காளானைத் தண்டோடு கிள்ளி எடுக்கும்போது இழக்கப்படுவதும் இப்பகுதியே.

எச்சரிக்கை: இக்கட்டுரை பொது விளக்கத்திற்காக மட்டுமே எழுதப்பட்டது. இதனை மட்டும் படித்துவிட்டு எந்தக் காட்டுக் காளானையும் உண்ணுதல் கூடாது. அப்பகுதிக் காளான்களை நேரில் அறிந்த ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து உறுதிசெய்யாத காளானை விலக்குவதே நல்லது.

பெயர்

காளான் என்னும் இன்றைய சொல்லோடு தொடர்புடைய ஆம்பி, காளாம்பி என்னும் சொற்கள் சங்க இலக்கியத்தில் காணப்படுகின்றன. சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வறுமையைக் கூறுமிடத்தில், கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் உள்துளை கொண்ட காளாம்பி பூத்திருக்கும் காட்சி வருகிறது. கறையானையும் காளானையும் ஒருங்கே வைத்துக் காட்டுவதால் இக்குறிப்பு கவனிக்கத்தக்கது. பேச்சு வழக்கில் உண்ணத்தகாத குடை வடிவக் காளான்களைப் பொதுவாக நாய்க்குடை என்பர். உண்ணப்படுவனவற்றுள் புற்றுக்காளான், அரிசிக்காளான், சிப்பிக்காளான், பால்காளான் முதலிய பெயர்கள் வழக்கில் உள்ளன. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு இனத்தைக் குறிக்கலாம். எனவே வழக்குப் பெயரை மட்டும் நம்பி ஒரு காளானை ஏற்பது பாதுகாப்பானது அன்று.

பருவமும் வளரிடமும்

கண்ணுக்குத் தெரியும் காளான், ஒரு பூஞ்சையின் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மெல்லிய இழைகளாக மண்ணிலோ மரத்திலோ பரவிக் கிடக்கும். போதிய ஈரமும் ஏற்ற வெப்பநிலையும் அமையும்போது அது காளானை வெளியே தள்ளுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடை இடிமழை, சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஆகியவற்றை ஒட்டி காளான்கள் முளைக்கின்றன. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்னும் மக்கள் நம்பிக்கை, இடியுடன் வரும் முதல் மழைகளின் ஈரத்தோடு தொடர்புடையது.

ஒரு காளான் எதன்மேல் வளர்கிறது என்பது அதனை இனங்காண்பதற்கான முதல் குறிப்பாகும். வளரிடத்தைப் பொறுத்துக் காளான்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

- கறையான் புற்றோடு இணைந்தவை: புற்றுக்காளான், அரிசிக்காளான்.
- பட்ட மரத்திலும் விழுந்த கட்டையிலும் வளர்பவை: சிப்பிக்காளான், காதுக்காளான் முதலியன.
- மட்கிய இலை, புல், சாணம் ஆகியவற்றில் வளர்பவை: பலவகைக் குடைக் காளான்கள்.
- உயிருள்ள மரங்களின் வேரோடு இணைந்து வாழ்பவை: அமானிட்டா, ருசுலா, சுய்லஸ் முதலிய பேரினங்கள்.

நான்காம் வகை தனிக் கவனத்திற்கு உரியது. உயிர்கொல்லும் அமானிட்டாக்கள் குறிப்பிட்ட சில மரங்களின் வேர்களோடு மட்டுமே வாழ்வன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்நிலைப் பசுமைமாறாக் காடுகளில் குங்கிலியக் குடும்பத்து மரங்கள் இத்தகைய வேர்ப்பூஞ்சைகளைத் தாங்குகின்றன. நீலகிரியிலும் பழனிமலையிலும் 19 ஆம் நூற்றாண்டு முதல் வெளிநாட்டு மரங்கள் நடப்பட்டபின், யூக்கலிப்டஸ் (தைலமரம்), பைன் ஆகியவற்றோடு இணைந்து வாழும் பூஞ்சைகளும் மலைக்கு வந்து சேர்ந்தன. நீலகிரியின் பைன் தோட்டங்களில் சிவப்புக் குடையில் வெண்புள்ளிகள் கொண்ட அமானிட்டா மஸ்காரியா காணப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. தலைமுறை தலைமுறையாகச் சோலைக்காட்டையும் புல்வெளியையும் அறிந்தவர்களுக்கும், நடப்பட்ட தோட்டங்களில் முளைக்கும் காளான்கள் புதியனவாக இருக்கக்கூடும்.

காளானின் உறுப்புகள்

இனங்காண்பதற்குப் பயன்படும் முதன்மையான உறுப்புகள் வருமாறு.

- குடை: காளானின் மேற்பகுதி. இதன் வடிவம், நிறம், நடுமுனை, மேற்பரப்பின் செதில் ஆகியவை கவனிக்கப்படும்.
- செவுள்கள்: குடையின் அடியில் தகடு தகடாக அமைந்தவை. இவை தண்டைத் தொடாமல் நிற்கின்றனவா, தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, தண்டின்மேல் இறங்கி ஓடுகின்றனவா என்பது முக்கியம். சில காளான்களில் செவுளுக்கு மாறாக நுண்துளைகள் இருக்கும்.
- வித்திகள்: விதைக்கு ஒப்பான நுண்துகள்கள். இவை செவுள்களில் உருவாகின்றன. தனித்தனியே கண்ணுக்குத் தெரியாவிடினும் குவியலாகச் சேரும்போது இவற்றின் நிறம் புலப்படும்.
- தண்டு: இதன் உட்பகுதி திண்மையானதா துளையுடையதா என்பதும், மேற்பரப்பின் கோலமும் கவனிக்கப்படும்.
- வளையம்: இளங்காளானில் செவுளை மூடியிருந்த சவ்வு கிழிந்து தண்டில் தங்கும் பாவாடை போன்ற பகுதி. மழையில் இது உதிர்ந்துவிடலாம்.
- அடியுறை: இளங்காளான் முழுவதையும் முட்டையோடு போல மூடியிருந்த உறை கிழிந்து, தண்டின் அடியில் கிண்ணம் போலத் தங்கும் பகுதி. இது பெரும்பாலும் மண்ணில் புதைந்திருக்கும்.
- போலிவேர்: தண்டின் தொடர்ச்சியாக மண்ணுக்குள் வேர்போல் நீளும் பகுதி. புற்றுக்காளானின் சிறப்பு அடையாளம் இதுவே.

அடியுறையும் போலிவேரும் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. எனவே அறியாத காளானைக் கிள்ளி எடுக்காமல், கத்தியாலோ குச்சியாலோ சுற்றிலும் மண்ணை அகழ்ந்து, அடிப்பகுதி சிதையாமல் முழுமையாக எடுத்தல் வேண்டும்.

வித்திப் பதிவு

வித்திகளின் நிறத்தை அறிய எளிய முறை வித்திப் பதிவு எனப்படுகிறது. முதிர்ந்த காளானின் தண்டை நீக்கி, குடையைச் செவுள் கீழ்நோக்கி இருக்குமாறு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் வைக்கவேண்டும். காற்று படாமல் ஒரு கிண்ணத்தால் மூடிவைத்தால், சில மணி நேரத்தில் அல்லது ஓரிரவில் வித்திகள் உதிர்ந்து செவுள்களின் கோலத்தில் தாளில் படியும். வெள்ளை வித்தி கறுப்புத் தாளிலும், நிறமுள்ள வித்தி வெள்ளைத் தாளிலும் நன்கு தெரியும். செவுளின் நிறத்தை வித்தியின் நிறமாகக் கொள்ளுதல் தவறு. இளங்காளானில் செவுள் வெண்மையாக இருந்தாலும் வித்தி வேறு நிறமாக இருக்கலாம்.

- வெள்ளை: அமானிட்டா, லெபியோட்டா (இரண்டிலும் உயிர்கொல்லும் இனங்கள் உண்டு), பால்காளான், பெரும்பாலான சிப்பிக்காளான்கள்.
- இளஞ்சிவப்பு: புற்றுக்காளான், அரிசிக்காளான், வைக்கோல் காளான், புளூட்டியஸ், நச்சினங்களைக் கொண்ட என்டோலோமா.
- பச்சை: குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக் காளான்.
- சாக்லேட் பழுப்பு: மொட்டுக் காளான் அடங்கிய அகாரிக்கஸ்.
- துருப்பழுப்பு: கலெரினா முதலியன. இதிலும் உயிர்கொல்லும் இனங்கள் உண்டு.
- ஊதாக்கறுப்பு, கறுப்பு: சிலோசைபி, பானியோலஸ், மைக்குடைக் காளான்கள்.

வித்தியின் நிறம் தனித்து ஒரு காளானை உண்ணத்தக்கது என்று காட்டுவதில்லை. எனினும் பல தவறான முடிவுகளை அது விலக்கிவிடுகிறது. புற்றுக்காளான் என்று எண்ணிய காளான் தூய வெள்ளைப் பதிவைத் தந்தால் அது புற்றுக்காளான் அன்று.

உண்ணத்தக்க முக்கிய இனங்களும் அவற்றின் போலிகளும்

புற்றுக்காளான்

டெர்மிட்டோமைசஸ் பேரினத்தைச் சேர்ந்த காளான்கள் புற்றுக்காளான் எனப்படுகின்றன. இவை கறையான்களோடு இணைந்தே வாழ்வன. சில வகைக் கறையான்கள் தாம் கொணரும் மர, இலைத் துகள்களால் புற்றினுள் கடற்பஞ்சு போன்ற திட்டுகளை அமைத்து, அவற்றில் இப்பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை மரப்பொருளைச் செரிக்க உதவுகிறது. கறையான் அதற்கு உணவும் காப்பும் தருகிறது. மழைக்காலத்தில் புற்றினுள்ளிருந்து காளான்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலெழுகின்றன.

இதன் அடையாளங்கள் வருமாறு. குடையின் நடுவில் மண்ணைத் துளைப்பதற்கேற்ற கடினமான, பெரும்பாலும் நிறம் கறுத்த முனை இருக்கும். செவுள்கள் நெருக்கமாகவும் தண்டைத் தொடாமலும் அமைந்திருக்கும். வித்திப் பதிவு இளஞ்சிவப்பாக இருக்கும். தண்டு திண்மையாகவும் நாருடனும் இருக்கும். தண்டின் அடி படிப்படியாகக் குறுகி, நீண்ட போலிவேராகக் கறையான் கூடு வரை செல்லும். அடியுறை இராது. அடிப்பகுதியை அகழ்ந்து போலிவேரைப் புற்றுவரை தொடர்ந்து காண்பதே மிக உறுதியான சான்றாகும்.

தென்னிந்தியாவில் காணப்படும் டெர்மிட்டோமைசஸ் ஐமி என்னும் இனத்தின் தண்டில் வளையம் உண்டு. வளையம் உள்ள காளான் எல்லாம் நஞ்சு என்னும் விதி இதனால் பொய்க்கிறது. வளையம் இல்லாத காளான் நல்லது என்னும் விதியும் அவ்வாறே. உலகின் மிகப்பெரிய குடைக் காளான்களுள் ஒன்றான, ஏறத்தாழ 1 மீட்டர் அகலக் குடை கொண்ட டெர்மிட்டோமைசஸ் டைட்டானிகஸ் ஆப்பிரிக்காவில் வளர்கிறது. கறையானோடு பிணைந்த வாழ்க்கையின் காரணமாக இவ்வகைக் காளான்களைப் பயிரிடுவது மிகக் கடினம். சந்தைக்கு வருபவை பெரும்பாலும் காட்டிலும் தோட்டங்களிலும் தேடி எடுக்கப்பட்டவையே.

போலிகள்: வெண்ணிற அமானிட்டாக்கள் தொலைவிலிருந்து பார்க்கும்போது புற்றுக்காளான் போலத் தோன்றலாம். அவற்றின் வித்தி வெள்ளை. அடி பருத்து அடியுறையுடன் இருக்கும். போலிவேர் புற்றுவரை செல்லாது. என்டோலோமாவின் வித்தியும் இளஞ்சிவப்பே. ஆனால் அதன் செவுள்கள் தண்டோடு ஒட்டியிருக்கும். கறையான் புற்றோடு தொடர்பு இராது. இறந்த வேர்களின்மேல் வளரும் சில வேறு காளான்களுக்கும் வேர்போன்ற நீட்சி உண்டு. ஆகவே வேர் இருப்பதைக் காண்பதோடு நில்லாமல் அது எங்கே முடிகிறது என்பதையும் காணவேண்டும்.

அரிசிக்காளான்

டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்ப்பஸ் என்பது இதன் அறிவியற் பெயர். குடை பெரும்பாலும் 2 செ.மீ. அளவே இருக்கும். கறையான்கள் புற்றிலிருந்து வெளியே கொணர்ந்து பரப்பிய பழைய பூஞ்சைத் திட்டின் துகள்களில், நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் அரிசி கொட்டியது போல் முளைக்கும். குடையின் நடுவில் சிறு முனை உண்டு. பிற புற்றுக்காளான்களைப் போல நீண்ட போலிவேர் இராது. எனவே இனங்காண்பதற்கு முனை, கூட்டமாக முளைத்தல், இளஞ்சிவப்பு வித்தி, அடியில் காணப்படும் பூஞ்சைத் திட்டுத் துகள் ஆகிய நான்கும் சேர்ந்து அமைதல் வேண்டும். சிறிய வெண்காளான்கள் பல உள்ளமையால், கூட்டமாக இருப்பதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. கூட்டத்தின் நடுவே வேறினம் ஒன்று கலந்து முளைத்திருக்கலாம். அள்ளிய காளான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

சிப்பிக்காளான்

புளூரோட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தது. பட்ட மரங்களிலும் கட்டைகளிலும் அடுக்கடுக்காக, சிப்பி அல்லது விசிறி வடிவில் வளரும். செவுள்கள் குறுந்தண்டின்மேல் இறங்கி ஓடும். வளையமும் அடியுறையும் இரா. மரத்தில் வளர்வன எல்லாம் நல்லவை என்னும் எண்ணம் தவறானது. ஓம்பலோட்டஸ் என்னும் நச்சுக் காளானும் மரத்திலேயே வளர்ந்து, இறங்கி ஓடும் செவுள்களைக் கொண்டிருக்கும். உயிர்கொல்லும் கலெரினாவும் மட்கும் மரத்தில் வளர்வதே. கலெரினா சிறியது, பழுப்பு நிறமுடையது, நடுத்தண்டும் துருப்பழுப்பு வித்தியும் கொண்டது.

காதுக்காளான்

ஆரிக்குலேரியா பேரினத்தைச் சேர்ந்த இதற்குச் செவுளும் தண்டும் குடையும் இல்லை. ஈரமான மரத்தில் மனிதக் காது போன்ற வடிவில், பழுப்பு நிறத்தில், இரப்பர் போன்ற மென்மையுடன் வளரும். வெயிலில் காய்ந்து சுருங்கி, மழையில் மீண்டும் விரியும். இதனை ஒத்த கொடிய நச்சினங்கள் அரிது என்பதால், புதிதாகக் கற்பவர்கள் ஒப்பளவில் எளிதாக அறியத்தக்க காளான் இது. உலர்ந்த காதுக்காளானை நீண்ட நேரம் அறை வெப்பநிலையில் ஊறவைத்தால், பாக்டீரியாக்கள் பெருகிக் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். சமைப்பதற்குச் சற்று முன்னர் ஊறவைப்பதே முறை.

பால்காளான்

கலோசைபி இண்டிகா என்னும் இக்காளான் 1974 ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்திலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1990களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளால் வணிகப் பயிராக வளர்ந்து, இன்று தமிழகச் சந்தைகளில் பரவலாகக் கிடைக்கிறது. குடை, செவுள், தண்டு, வித்தி அனைத்தும் வெண்மையானவை. வளையமும் அடியுறையும் கிடையா. முழுவெண்மையும் வெள்ளை வித்தியும் கொல்லும் அமானிட்டாக்களுக்கும் உரியவை ஆதலால், காட்டில் காணும் வெண்காளானைப் பால்காளான் என்று கருதி எடுப்பது மிகுந்த ஆபத்துடையது. பயிரிட்ட பால்காளானை உண்ணுவதே தக்கது.

பந்துக்காளான்

செவுளின்றி உருண்டையாக வளரும் பந்துக்காளான்கள், உட்பகுதி முழுதும் வெண்மையாக உள்ள இளம்பருவத்தில் மட்டும் உண்ணப்படுகின்றன. ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்துப் பார்த்தல் கட்டாயமாகும். உட்பகுதி ஒரே சீரான வெண்மையாக இருக்கவேண்டும். உள்ளே குடை, செவுள், தண்டு ஆகியவற்றின் உருவரை தெரிந்தால் அது முட்டைப் பருவத்து அமானிட்டாவாக இருக்கலாம். உட்பகுதி ஊதாக்கறுப்பாகவும் தோல் தடித்தும் இருந்தால் அது நச்சுத்தன்மையுள்ள இசுக்லெரோடெர்மா ஆகும்.

முக்கிய நச்சுக் காளான்கள்

அமானிட்டா: காளான் நச்சால் நேரும் இறப்புகளுள் பெரும்பாலானவற்றுக்கு இப்பேரினத்தின் சில இனங்களே காரணம். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட சாவுக்குடை (அமானிட்டா பல்லாய்டிஸ்), நடப்பட்ட மரங்களோடு பிற கண்டங்களுக்கும் பரவியுள்ளது. முழுவெண்மையான கொல்லும் இனங்கள் ஆசியாவிலும் உள்ளன. வெள்ளை வித்தி, தண்டைத் தொடாத செவுள், வளையம், அடியுறை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த காளானை எந்நிலையிலும் உண்ணலாகாது. இப்பேரினத்தில் உண்ணத்தக்க இனங்களும் சில உண்டு எனினும், பிழை நேர்ந்தால் விளைவு மீள முடியாதது ஆகையால் முழுப் பேரினத்தையும் விலக்குவதே வழக்கம்.

வைக்கோல் காளானை உண்டு பழகியவர்கள் வேற்று நாட்டில் சாவுக்குடையை அதுவென்று கருதி உண்டு இறந்த நிகழ்வுகள் உள்ளன. 2011 ஆம் ஆண்டின் இறுதி நாளில் ஆத்திரேலியாவின் கான்பராவில் சமைக்கப்பட்ட அத்தகைய உணவால் இருவர் இறந்தனர். இரண்டு காளான்களுக்கும் அடியுறை உண்டு. வைக்கோல் காளானின் வித்தி இளஞ்சிவப்பு. சாவுக்குடையின் வித்தி வெள்ளை. ஓர் ஊரில் பிழையின்றிப் பயன்பட்ட அறிவு, வேறோர் ஊரில் அப்படியே பொருந்தாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ்: மழைக்குப் பின் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் முளைக்கும் பெரிய வெண்குடை, மேலே பழுப்புச் செதில்கள் இருக்கும். உண்ணத்தக்க மேக்ரோலெபியோட்டா இனங்களை மிகவும் ஒத்தது. முதிரும்போது செவுள்கள் பசுமை கலந்து மாறும். வித்திப் பதிவு பச்சை. உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும்.

லெபியோட்டா, கலெரினா: இவற்றின் சில சிறிய இனங்களில் கொல்லும் அமானிட்டாக்களில் உள்ள அதே நஞ்சு உண்டு. அளவில் சிறிய பழுப்புக் காளான்களை விலக்குதல் நல்லது.

சிலோசைபி முதலியன: சாணத்திலும் மட்கிலும் வளரும் இவற்றில் சில, மாயத்தோற்றம் விளைவிக்கும் சிலோசிபினைக் கொண்டவை. காயம்பட்ட இடம் நீலமாக மாறுவது இவற்றின் இயல்பு. சிலோசிபின் இந்தியாவில் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பொருள். கொடைக்கானலில் இவ்வகைக் காளான்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றவர்கள் கைது செய்யப்பட்டுள்ளனர். இவற்றைத் தேடுவோர் கலெரினாவை எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

தவறான நம்பிக்கைகள்

- வெள்ளிக் காசோ கரண்டியோ கறுத்தால் நஞ்சு: காளான் நஞ்சுகள் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை.
- பூண்டு, வெங்காயம், அரிசி, மஞ்சள் ஆகியவை நிறம் மாறினால் நஞ்சு: இதற்கும் அடிப்படை இல்லை.
- பூச்சியோ நத்தையோ தின்றிருந்தால் நல்லது: மனிதரைக் கொல்லும் காளானைத் தின்று உயிர்வாழும் பூச்சிகளும் நத்தைகளும் உண்டு.
- வெண்ணிறம் நல்லது, பளிச்சிடும் நிறம் தீயது: மிகக் கொடிய காளான்களுள் பல தூய வெண்மையானவை.
- கசப்பும் கெட்ட மணமும் இல்லையெனில் நல்லது: சாவுக்குடையை உண்டு பிழைத்தோர் அது சுவையாக இருந்ததாகவே கூறியுள்ளனர்.
- நன்கு வேகவைத்தால் நஞ்சு போய்விடும்: அமானிட்டாவின் கொல்லும் நஞ்சு வெப்பத்தால் அழிவதில்லை. உப்பிட்டு ஊறவைத்தாலும் உலர்த்தினாலும் அது நீங்காது.
- சிறிது உண்டு பார்த்து, ஒன்றும் நேராவிடில் மீதியை உண்ணலாம்: கொல்லும் நஞ்சின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தோன்றும் என்பதால் இது மிக ஆபத்தான சோதனை.

நச்சேற்றம்

கொல்லும் அமானிட்டாக்கள், சில லெபியோட்டாக்கள், கலெரினாக்கள் ஆகியவற்றில் உள்ள நஞ்சுகள் அமாடாக்சின்கள் எனப்படும். இவை உயிரணுக்கள் புரதம் உருவாக்குவதற்கு இன்றியமையாத ஆர்.என்.ஏ. பாலிமரேசு என்னும் நொதியைத் தடுக்கின்றன. இதனால் உயிரணுக்கள், முதன்மையாகக் கல்லீரலின் உயிரணுக்கள், மடிகின்றன. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் அளவே உயிரைப் போக்கப் போதுமானது. ஒரே ஒரு காளானில் இந்த அளவு இருக்கக்கூடும்.

நச்சேற்றம் பொதுவாக மூன்று நிலைகளில் நிகழ்கிறது. முதலில், உண்டு 6 மணி நேரத்திற்குப் பின்னர், பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்தில், கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். இரண்டாம் நாளில் இவை தணிந்து நோயாளி தேறிவிட்டது போலத் தோன்றுவார். இது மெய்யான தேறுதல் அன்று. இந்த இடைவெளியிலேயே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். பின்னர் மஞ்சள் காமாலை, குருதிப்போக்கு, நினைவிழப்பு ஆகியவை தோன்றி இறப்பு நேரலாம். வாந்தி நின்றதும் வீடு திரும்புதல் பல உயிரிழப்புகளுக்குக் காரணமாகிறது.

காளான் உண்ட சில மணி நேரத்திலேயே வாந்தி எடுப்பது பெரும்பாலும் ஒப்பளவில் கடுமை குறைந்த நஞ்சுகளால் ஏற்படுவது. எனினும் ஒரே குழம்பில் பல இனங்கள் கலந்திருக்கலாம் என்பதால், விரைவில் தோன்றிய வாந்தியை வைத்து ஆபத்தில்லை என்று கொள்ளலாகாது.

இந்தியாவில் இத்தகைய இறப்புகள் காட்டையும் தோட்டத்தையும் சார்ந்து வாழும் ஏழை மக்களிடையே மிகுதி. 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மழைக்காலத் தொடக்கத்தில் விலையின்றிக் கிடைக்கும் சத்துணவாகக் காளான் இருப்பதால், உண்ணாதீர் என்று கூறுவது மட்டும் இத்தகைய துயரங்களைத் தடுக்கப் போதுமானதாக இல்லை.

உடன் செய்யவேண்டியவை

- ஐயம் எழுந்தவுடன், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், மருத்துவமனைக்குச் செல்லுதல். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.
- அதே உணவை உண்ட அனைவரையும், நலமாக இருப்போர் உட்பட, உடன் அழைத்துச் செல்லுதல்.
- சமைக்காத காளான், நறுக்கிய துண்டு, மீந்த குழம்பு ஆகியவற்றைத் தாளில் பொதிந்து அல்லது கலத்தில் இட்டு எடுத்துச் செல்லுதல். வாந்தி எடுத்திருந்தால் அதனையும் கொண்டு செல்லலாம்.
- உண்ட நேரம், முதல் அறிகுறி தோன்றிய நேரம் ஆகியவற்றைக் குறித்து மருத்துவரிடம் கூறுதல்.
- மருத்துவர் கூறாமல் வாந்தியை வலிந்து வரவழைப்பதோ, உப்புநீர், மோர் முதலிய வீட்டு முறிமருந்துகளை நம்பி நேரத்தைக் கழிப்பதோ கூடாது.

அமாடாக்சினுக்கு உறுதியான முறிமருந்து இல்லை. உட்கொள்ளும் கரி, நீரிழப்பை ஈடுசெய்தல், சிலிபினின், அசிட்டைல்சிஸ்டீன் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. கல்லீரல் முற்றிலும் செயலிழந்தால் மாற்றுக் கல்லீரல் பொருத்துவது ஒன்றே வழியாகலாம். எவ்வளவு முன்னதாகச் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

சேகரிப்பும் சமையலும்

அகத்தியமலைப் பகுதியின் காணிக்காரர் முதலிய பழங்குடியினரிடம் காளான் பற்றிய அறிவு நீண்ட காலமாக உள்ளது. இவ்வறிவு குறிப்பிட்ட இடத்தையும் பருவத்தையும் சார்ந்தது. இன்ன புற்றில், இன்ன மழைக்குப் பின், இன்ன காளான் வரும் என்பதைப் பெரியவர்களோடு காட்டில் நடந்தே இளையோர் கற்கின்றனர்.

சேகரிக்கும்போது இனவாரியாகத் தனித்தனியே வைத்தல், நெகிழிப் பையைத் தவிர்த்துக் கூடையிலோ தாளிலோ வைத்தல், அழுகத் தொடங்கியதையும் மிக இளம் மொட்டையும் விடுதல், சாலையோரத்திலும் பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்திலும் எடுக்காமை ஆகியவை பின்பற்றத்தக்கன. காளான்கள் தம்மைச் சுற்றியுள்ள கன உலோகங்களை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. புற்றை இடித்துத் தோண்டினால் கறையானும் பூஞ்சையும் ஒருங்கே அழியும். இனங்காண ஒன்றிரண்டை மட்டும் அகழ்ந்து பார்த்துவிட்டு மண்ணை மூடிவிடுதல் நன்று. காப்புக்காடுகளிலும் காட்டுயிர்ப் புகலிடங்களிலும் நுழைவதற்கும் சேகரிப்பதற்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன.

உறுதிசெய்யப்பட்ட காளானையும் நன்கு வேகவைத்தே உண்ணவேண்டும். முதன்முறை உண்போர் ஒவ்வாமையைக் கருதிச் சிறிதளவே உண்ணுதல் நலம். மைக்குடைக் காளான்களில் ஓர் இனம் மதுவோடு சேரும்போது நஞ்சாகும் தன்மையுடையது. சமைப்பதற்கு முன் ஒவ்வோர் இனத்திலும் ஒரு முழுக் காளானைச் சமைக்காமல் எடுத்துவைப்பது, ஏதேனும் நேர்ந்தால் மருத்துவருக்கு உதவும்.

ஆய்வு வரலாறு

தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிய யோகான் கெரார்ட் கோனிக், 1779 ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கறையான்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் புற்றினுள் வளரும் பூஞ்சையைக் குறிப்பிட்டுள்ளார். இலங்கையிலிருந்து பெறப்பட்ட புற்றுக்காளான் ஒன்றை 1847 ஆம் ஆண்டில் பெர்க்கிலி விவரித்தார். அரிசிக்காளான் 1871 ஆம் ஆண்டில் அதே தீவிலிருந்து பெர்க்கிலி, புரூம் ஆகியோரால் விவரிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய தாமஸ் பெட்ச், 1906 ஆம் ஆண்டில் கறையான் புற்றுப் பூஞ்சைகளைப் பற்றி விரிவாக எழுதினார். பிரெஞ்சு அறிஞர் ரோசே ஐம் 1942 ஆம் ஆண்டில் டெர்மிட்டோமைசஸ் என்னும் பேரினத்தை நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் க. நடராஜன் 1979 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த புதிய இனத்திற்கு, அவரது நினைவாக டெர்மிட்டோமைசஸ் ஐமி என்று பெயரிட்டார்.

இவற்றையும் பார்க்க

- காளான்
- பூஞ்சை
- கறையான்
- காளான் வளர்ப்பு
- மேற்குத் தொடர்ச்சி மலை
- சோலைக்காடு